கெல்ம்ஸ்காட் மேனர் கல்வீடு: கேள்வி பதில்

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷையரில் தேம்ஸ் ஆற்றை ஒட்டிய கெல்ம்ஸ்காட் கிராமத்தில் இருக்கும் பழைய கல்வீட்டைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: பெயரில் 'மேனர்' இருக்கிறதே, பிரபுக்கள் கட்டியதா?

பதில்: இல்லை. டர்னர் என்ற விவசாயக் குடும்பம் 1600-ஐ ஒட்டிக் கட்டிய பண்ணை வீடு. பிறகு அதே நூற்றாண்டில் ஒரு பகுதியைச் சேர்த்துக் கட்டினார்கள். வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸ் 1871-இல் குத்தகைக்கு எடுத்த பிறகுதான் ஊருலகத்துக்குத் தெரிந்தது.

கேள்வி: ஐயா, கூரை ஓடுகள் கீழே பெரிதாகவும் மேலே போகப் போகச் சிறிதாகவும் இருக்கின்றனவே, ஏன்?

பதில்: நல்ல கேள்வி. அவை சுட்ட ஓடுகள் அல்ல, சுண்ணாம்புக்கல் பலகைகள். கூரையில் விழும் மழை முழுவதும் இறவாணம் வழியாகத்தான் வடிய வேண்டும். அங்கே பெரிய கல்லாக இருந்தால் இணைப்புகள் குறையும், ஒழுக்கும் குறையும். கனமான கற்களின் பாரமும் கைமரத்தின் நடுவில் விழாமல் சுவரருகே இறங்கிவிடும். சிறிய துண்டுகள் முகட்டுப் பக்கம் போய்விடுவதால் எதுவும் வீணாகாது. மீனின் செதிலைப் பார்க்கும் மகிழ்ச்சி இந்தக் கூரையில் கிடைக்கிறது என்றார் மாரிஸ். எனக்கும் அப்படித்தான்.

இதே மாவட்டத்து ஸ்டோன்ஸ்ஃபீல்டில் இத்தகைய கல்லைப் பிளக்க உறைபனியையே நம்பினார்கள். வெட்டியெடுத்த கல்லை ஈரம் காயாமல் காத்து, குளிர்காலத்தில் வெளியே விட்டுவிடுவார்கள். உள்ளே இருக்கும் நீர் உறைந்து விரியும்போது கல் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும்.

கேள்வி: இப்படிப்பட்ட வீடுகளில் ஜன்னலுக்கு மேலே துருத்தி நிற்கும் கல் பட்டி அழகுக்காகவா?

பதில்: அழகுதான், ஆனால் வேலை வேறு. சுவரில் வழியும் மழைநீரை ஜன்னலுக்குள் விடாமல் ஓரமாகத் தள்ளும்.

கேள்வி: பழைய கல்சுவரின் இடுக்குகளில் சிமென்ட் பூசினால் இன்னும் உறுதியாகுமே?

பதில்: தயவுசெய்து வேண்டாம்! சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும், சுவர் அசைந்தால் கொஞ்சம் இடமும் கொடுக்கும். சிமென்ட் அப்படியில்லை, இறுக்கமானது. ஈரம் வெளியேற வழியில்லாமல் கல் வழியாகவே போகும், உறைபனியில் கல்லின் முகம் உதிரும். சாந்து கெட்டால் மாற்றலாம், அப்புறம் கல்லுக்கு எங்கே போவது? பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கிறோம் என்று சிதைப்பதைப் பொறுக்காமல்தான் மாரிஸும் நண்பர்களும் 1877-இல் பாதுகாப்புச் சங்கமே தொடங்கினார்கள்.

கேள்வி: உள்ளே போய்ப் பார்க்கலாமா?

பதில்: பார்க்கலாம். லண்டன் தொல்பொருளியலாளர் சங்கத்தின் பொறுப்பில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் திறந்திருக்காது, நாள் விசாரித்துவிட்டுப் போங்கள்.