கட்டுச்சாதம் முதல் காசி வரை: பயண உணவு பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் சென்னையிலிருந்து காசிக்கு ரயிலில் செல்கிறோம். இரண்டு இரவுகள் வண்டியிலேயே கழியும். எல்லா வேளையும் விலைக்கு வாங்கிக் கட்டுப்படியாகாது. வீட்டிலிருந்து எதை, எவ்வளவு நேரத்துக்கு நம்பிக் கொண்டுபோகலாம்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: விரைவு ரயிலில் ஒரு சைவச் சாப்பாட்டின் விலை 80 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஐந்து பேருக்கு ஒரு வேளைக்கே 400 ரூபாய் ஆகிவிடும், ஆகவே உங்கள் கணக்கு சரியானதே. ஆனால் மொத்தப் பயணத்துக்கும் சேர்த்துச் சமைத்து எடுத்துச்செல்ல முயலாதீர்கள். முதல் 24 மணி நேரத்துக்குச் சமைத்த உணவும், அதற்குப் பிறகு அடுப்பே தேவைப்படாத உலர்ந்த பொருள்களும் என்று பிரித்துக்கொள்வதுதான் செலவுக்கும் வயிற்றுக்கும் நல்லது.

ஏறிய அன்று முதலில் தயிர்சாதத்தை முடித்துவிடுங்கள். சாதத்தைப் பால் விட்டுக் குழைத்து, ஒரு கரண்டித் தயிர் மட்டும் சேர்த்தால் சாப்பிடும் நேரத்தில் புளிப்பு அளவாக இருக்கும். இரவுக்கு, நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி தடவிய இட்லி போதும். மறுநாள் காலை வரை தாங்குவது புளியோதரை. புளியின் அமிலமும், உப்பும், நல்லெண்ணெயும் சேர்ந்து கெடுதலைத் தள்ளிப்போடுகின்றன. தேங்காய், வெங்காயம் சேர்ந்த எதையும் கட்டுச்சாதத்தில் சேர்க்க வேண்டாம். சாம்பாரும் சட்னியும் வீட்டோடு இருக்கட்டும்.

எதைச் சமைக்கிறோம் என்பதைவிட, எப்படி ஆற வைக்கிறோம் என்பதே முக்கியம் என்பேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு ரயில் பயணத்துக்காக அவசரத்தில் புளியோதரையைச் சூடாகவே தூக்குச்சட்டியில் அழுத்தி மூடிவிட்டேன். மாலையில் திறந்தபோது மூடியின் உட்புறம் முழுவதும் நீர்த்துளிகள் கோத்திருந்தன, நடுவில் இருந்த சாதம் விரலில் நூல்போல இழுபட்டது. அத்தனையையும் கொட்ட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து, உதிரியாக வடித்த சாதத்தை அகலமான தாம்பாளத்தில் மெல்லியதாகப் பரப்பி, விசிறியின்கீழ் வைத்து, புறங்கையால் நடுப்பகுதியைத் தொட்டுப் பார்த்துச் சூடு சிறிதும் இல்லை என்று உறுதியான பிறகே, வாட்டித் துடைத்த வாழையிலையில் பொட்டலம் கட்டுகிறேன். அரிசியில் இருக்கும் பேசிலஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சாதம் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக மூடிக் கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்குகின்றன. அந்த நஞ்சை மறுபடி சூடாக்கியும் போக்க முடியாது.

இரண்டாம் நாளுக்கு அவல், வறுத்த நிலக்கடலை, பேரீச்சை, வெல்லம் கலந்த பொட்டுக்கடலை மாவு ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு கிராம் நிலக்கடலையில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் உண்டு. அந்தப் பணத்துக்கு ரயிலில் கிடைக்கும் எந்தச் சிற்றுண்டியும் இதற்கு ஈடாகாது. அவலை நல்ல தண்ணீரில் நனைத்து, நிலையத்தில் வாங்கிய முத்திரையிட்ட தயிரில் கலந்தால் ஒரு முழு வேளை உணவு ஆகிவிடும். குஜராத்திகள் பயணத்துக்கென்றே செய்யும் வெந்தயக்கீரை ரொட்டியான தேப்லாவும் நீண்ட பயணத்துக்கு நம்பகமானது. நம் சப்பாத்தி மாவிலேயே கீரையும் கூடுதலாக எண்ணெயும் சேர்த்துச் செய்துவிடலாம்.

வாங்கியே ஆக வேண்டிய வேளைக்கு, பெரிய நிலையங்களில் பொதுப்பெட்டிகள் நிற்கும் இடத்துக்கு அருகே 20 ரூபாய்க்கு ரயில்வே விற்கும் சிக்கன உணவைத் தேடுங்கள்: ஏழு பூரி, உருளைக்கிழங்கு, ஊறுகாய். பசியடங்கும், ஆனால் காய்கறி இல்லை. உடன் ஒரு பழம் அவசியம். வண்டிக்குள் எதை வாங்கினாலும் பில் கேளுங்கள், பில் தராவிட்டால் பணம் தர வேண்டியதில்லை என்பது ரயில்வேயே அறிவித்த விதி, புகாருக்கு 139. மின்கெண்டியை எடுத்துச்செல்ல வேண்டாம். பெட்டியிலுள்ள மின்செருகி கைப்பேசிக்கும் மடிக்கணினிக்கும் மட்டுமே உரியது. கெண்டியைச் செருகினால் தீவிபத்து நேரலாம், அது தண்டனைக்குரியதும்கூட.

காசியில் இறங்கிய பிறகு கவலை குறைவு. நகரத்தார் சத்திரத்தில் நம் ஊர்ச் சாப்பாடு கிடைக்கும், முன்னதாகவே சொல்லிவைத்துவிடுங்கள். விசுவநாதர் கோயிலை ஒட்டிய அன்னபூரணி ஆலயத்தின் அன்னக்கூடத்திலும் பக்தர்கள் உணவு கொள்ளலாம். அங்கு தெருவெங்கும் ‘சத்து’ என்ற பெயரில் விற்பது வறுத்த கொண்டைக்கடலை மாவுதான். பொட்டலமாக வாங்கி, நீங்கள் நம்பும் தண்ணீரில் எலுமிச்சையும் உப்பும் சேர்த்துக் கரைத்துக் குடித்தால், மலிவான, புரதம் நிறைந்த காலை உணவு அதுவே.

கேள்வி: தலயாத்திரையில் கோயில் அன்னதானத்தில் சாப்பிட மனம் கூசுகிறது. எங்களால் பணம் கொடுத்து வாங்க முடியும்போது, இல்லாதவர் இடத்தை எடுத்துக்கொள்கிறோமோ என்று தோன்றுகிறது.
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: கூச வேண்டியதில்லை. வந்தவர் யார் என்று கேட்காமல் சோறிடுவதுதான் அந்த அறத்தின் உயிர். 1867-இல் வடலூரில் வள்ளலார் ஏற்றிய அடுப்பு இன்றும் அப்படித்தான் எரிகிறது. திருமலையில் வெங்கமாம்பா அன்னப்பிரசாதக் கூடத்தில் செல்வரும் கூலித்தொழிலாளியும் ஒரே வரிசையில் அமர்கிறார்கள். உங்கள் மனம் ஒப்பவில்லை என்றால், சாப்பிட்ட மதிப்பைவிடச் சற்றுக் கூடுதலாக அன்னதான உண்டியலில் சேர்த்துவிடுங்கள்.

நடைமுறையில் ஒன்றைக் கவனியுங்கள். தமிழகக் கோயில்கள் பலவற்றில் அன்னதானம் நண்பகலில் மட்டுமே, அதுவும் குறிப்பிட்ட எண்ணிக்கையினருக்கே நடக்கிறது. அங்கெல்லாம் 11 மணிக்கே வரிசையில் நின்றுவிட வேண்டும். திருவரங்கம், பழனி, திருச்செந்தூர், சமயபுரம், திருத்தணி போன்ற தலங்களில் நாள்முழுவதும் வழங்கப்படுவதால், உங்கள் பயணத்திட்டத்தில் உணவு வேளைகள் இந்த ஊர்களில் வருமாறு அமைத்துக்கொள்ளலாம். வடக்கே அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குப் போனால் இரவும் பகலும் லங்கர் என்னும் இலவச உணவு உண்டு. தலையை மூடிக்கொண்டு தரையில் அமர்ந்து, ரொட்டியை இரு கைகளையும் ஏந்தி வாங்க வேண்டும். எங்கே உண்டாலும் இலையிலோ தட்டிலோ மிச்சம் வைக்காதீர்கள்.

கேள்வி: வேலைக்கான நேர்முகத் தேர்வுகளுக்காக நான்கு நாள் சென்னையில் தங்க வேண்டும். உணவுக்கு ஒரு நாளைக்கு 150 ரூபாய்தான் ஒதுக்க முடியும். போதுமா?
– ஒரு வாசகர், சிவகங்கை

பதில்: திட்டமிட்டால் போதும். 2013-இல் தொடங்கிய அம்மா உணவகங்களில் ஓர் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர்சாதம் 3 ரூபாய். காலை இட்லியை அங்கே முடித்துவிட்டால் பத்து ரூபாய்க்குள் பசி அடங்கும். ஆனால் மூன்று வேளையும் அங்கேயே சாப்பிட்டு மீதிப் பணத்தைச் சேமிக்க நினைக்காதீர்கள். மாவுச்சத்து மட்டும் நிறைந்த உணவில் மூன்றாம் நாளே சோர்வு தட்டும், நேர்முகத் தேர்வுக்கு அது உதவாது. மிச்சமாகும் தொகையைப் பகல் சாப்பாட்டில் போடுங்கள்: கூட்டும் பொரியலும் மோரும் தருகிற ஒரு சிறிய மெஸ்ஸில் அளவுச் சாப்பாடு. இடையில் இரண்டு வேகவைத்த முட்டை அல்லது ஒரு பொட்டலம் சுண்டல், ஒரு வாழைப்பழம். தேர்வு நாளன்று பகலில் புதிய கடை எதையும் சோதித்துப் பார்க்க வேண்டாம். உங்களுக்கு நல்ல செய்தி வரட்டும்.

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை நோய், மாத்திரை சாப்பிடுகிறார். பேருந்தில் பத்து மணி நேரம் அழைத்துச்செல்கிறோம். உணவு தாமதமானால் என்ன செய்வது?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: சிலவகை மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை அபாயமாகக் குறைந்துவிடும். அம்மாவின் மாத்திரை அந்த வகையா, பயண நாளில் எப்போது போட வேண்டும் என்று புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். உணவு கையில் வந்த பிறகே மாத்திரையை எடுக்கலாமா என்பதையும் அவரே சொல்லட்டும். கைப்பையில் இரண்டு சப்பாத்தி, வறுத்த கொண்டைக்கடலை, ஒரு கொய்யா இருக்கட்டும். வியர்வை, கைநடுக்கம், படபடப்பு தோன்றினால், நினைவு தெளிவாக இருக்கும்போதே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்துச் சரியாகவில்லை என்றால் மறுபடி கொடுங்கள். நினைவு தடுமாறினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: இரவுப் பேருந்து நிற்கும் நெடுஞ்சாலை உணவகங்களில் விலையும் அதிகம், தரமும் இல்லை. வேறு வழி உண்டா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: ஏறும் முன்பே வீட்டில் இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுவதுதான் முதல் வழி. வாங்கத்தான் வேண்டும் என்றால், கண்முன்னே கல்லில் வார்க்கும் தோசையையும், ஆவி பறக்கும் இட்லியையும், தோலுரிக்காத முட்டையையும் மட்டும் வாங்குங்கள். மாலையிலேயே செய்து ஆறிக் கிடக்கும் குருமாவைத் தொடாதீர்கள். கடையில் வாங்கும் தண்ணீர்ப் புட்டிக்கு, அச்சிட்ட விலைக்குமேல் ஒரு ரூபாய் கேட்டாலும் அது சட்டமீறல். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். உணவகப் பில்லில் சேவைக் கட்டணம் என்று தாமாகச் சேர்த்திருந்தாலும் இதே எண்தான். அது கட்டாயமில்லை என்று 2022-இலேயே வழிகாட்டுதல் வந்துவிட்டது.

கேள்வி: வழியில் வயிற்றுப்போக்கு வந்தால் மருந்துக்கடை கிடைக்கும்வரை என்ன கொடுப்பது?
– ஒரு வாசகி, வேலூர்

பதில்: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறுகச்சிறுகக் கொடுங்கள். உப்பின் அளவு கூடிவிடக் கூடாது. குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். சாதத்தை வெறுக்காதவருக்கு மோர்சாதம் கொடுக்கலாம். மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், அடுத்த ஊரில் இறங்கி மருத்துவமனைக்குச் சென்றுவிடுங்கள்.