அக்காவோடு போன காலை நேரம்

கேள்வி: குரூப் 4 தேர்வுக்கு ஒரு வருடமாகப் படித்துவந்தேன். நாலரைக்கு எழுந்தால் ஏழு மணிவரை படிப்புதான். அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் ஜவுளி எடுப்பது, பத்திரிகை வைப்பது, மறுவீடு என்று இரண்டு மாதம் ஓடிவிட்டது. எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்த கல்யாணப் பத்திரிகை இன்னும் அதே பக்கத்தில் இருக்கிறது. இப்போது அக்கா பார்த்த வேலையும் என்னிடம் வந்துவிட்டது. வாசல் தெளித்து, தண்ணீர் பிடித்து, தம்பிக்கு டிபன் கட்டி முடிக்க எட்டாகிவிடுகிறது. தினம் பன்னிரண்டு மணி நேரம் என்று நான்கு முறை டைம்டேபிள் போட்டேன். இரண்டு நாள்கூட நிற்கவில்லை. என் சோம்பலை எப்படி விரட்டுவது?
– பெயர் வேண்டாம், சங்கரன்கோவில்

பதில்: சோம்பேறி ஒரு வருடம் நாலரைக்கு எழுந்திருக்க மாட்டாள். அந்தச் சொல்லை விடுங்கள்.

உங்களுக்கு அந்த இரண்டரை மணி நேரத்தைக் கொடுத்தது உங்கள் அக்கா. அவர் அடுப்படியில் நின்றார், நீங்கள் புத்தகத்தோடு உட்கார்ந்தீர்கள். அவர் புகுந்த வீட்டுக்குப் போனதும் அந்த நேரமும் கூடவே போய்விட்டது. வீட்டில் யாரும் இதைக் கவனிக்கவில்லை, நீங்கள் உட்பட. கையில் இல்லாத நேரத்துக்கு எத்தனை டைம்டேபிள் போட்டாலும் நிற்காது.

பன்னிரண்டு மணி நேரம் எதற்கு? விட்டுப்போன இரண்டு மாதத்தையும் சேர்த்துப் பிடிக்கத்தானே? அந்தக் கடன் நீங்கள் நினைக்கிற அளவு இல்லை. எபிங்காஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் பொருளற்ற அசைகளை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்து, மறக்கவிட்டு, மறுபடி மனப்பாடம் செய்து தன்னையே சோதித்துக்கொண்டார். மறந்ததைத் திரும்பப் படிக்க முதல் தடவையைவிடக் குறைந்த நேரமே பிடிக்கிறது என்பதை 1885இல் வெளியிட்டார். நீங்கள் படித்ததும் அப்படித்தான் உள்ளே கிடக்கிறது. ஒரு பாடத்தைப் புரட்டிப் பாருங்கள், தெரியும்.

தமிழிலிருந்து தொடங்குங்கள். 200 கேள்விகளில் 100 தமிழ். அதில் 150 மதிப்பெண்ணுக்கு 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியில் எவ்வளவு எடுத்தும் பயனில்லை. முதல் வாரம் தினம் அரை மணி நேரம் போதும், ஆனால் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் ஐந்தாவது டைம்டேபிள் போட உட்காராதீர்கள். லண்டனில் 96 பேரை 12 வாரம் கவனித்த ஆய்வு ஒன்று 2010இல் அச்சில் வந்தது. எப்போதாவது ஒரு நாள் தவறியது அவர்களுடைய பழக்கம் படிவதைக் குலைக்கவில்லை.

ஆனால் அரை மணி நேரத்தில் குரூப் 4 எழுத முடியாது. காலை நேரம் திரும்பி வந்தாக வேண்டும். டிபன் டப்பாவில் சாப்பாடு எடுத்துப் போகத் தெரிந்த தம்பிக்கு அதைக் கட்டவும் தெரியும். தண்ணீர் பிடிக்க அப்பாவுக்கும் கை இருக்கிறது. நீங்கள் வேலைக்குப் போனால் வரும் சம்பளம் அந்த வீட்டுக்குத்தான் வரும். அதற்காக ஐந்திலிருந்து ஏழுவரை உங்களை யாரும் கூப்பிடக் கூடாது என்று கேட்பதில் என்ன தவறு? அம்மாவிடம் மட்டும் தனியாகச் சொல்லாதீர்கள். பாவம், அவர் உங்கள் பங்கையும் தன் தலையில் போட்டுக்கொள்வார். ராத்திரி சாப்பிடும்போது, நான்கு பேரும் இருக்கும்போது கேளுங்கள். வாய் வரவில்லை என்றால் இந்தப் பக்கத்தை அப்பாவிடம் படிக்கக் கொடுங்கள்.