20 சென்ட் அடர்காட்டில் எந்தப் பறவை கூடு கட்டும்?

கேள்வி: வேளச்சேரியில் எங்கள் குடியிருப்புக்குள் 20 சென்ட் காலியிடம் இருக்கிறது. அடர்காடு (கன்றுகளை நெருக்கி நட்டு வளர்க்கும் குறுங்காடு) போட்டுத் தருகிறேன், வேதிவால் குருவியும் ஆறுமணிக்குருவியும் வந்து குஞ்சு பொரிக்கும் என்கிறார் ஒரு ஒப்பந்தக்காரர். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். இரண்டுமே சென்னைக்குக் குளிர்காலத்தையொட்டி வந்துபோகிறவை. ஆறுமணிக்குருவி கூடு கட்டுவது பெரும்பாலும் இமயமலை அடிவாரத்திலும் மத்திய, மேற்கு இந்தியக் காடுகளிலும்தான். வலசை வரும்போது களைத்துப்போய் அடுக்குமாடிப் படிக்கட்டில்கூட உட்காரும். அதைப் படம் பிடித்துக் காட்டி எஸ்டிமேட் நீட்டுவார்கள்.

20 சென்ட் சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 93 அடி. நட்டநடுவில் கூடு வைத்தாலும் மதில் 50 அடிக்குள். வெயில், இரைச்சல், பூனை, கீரி, காக்கை எல்லாம் உள்ளே எட்டிவிடும். தரையில் முட்டையிடும் கௌதாரி அங்கே தேறாது. கிண்டி தேசியப் பூங்கா சுமார் 270 ஹெக்டேர், அதையொட்டி ஐஐடி வளாகம் வேறு. அங்கே ஓரம் தாண்டி உட்காடு என்று ஒன்று உண்டு. உங்களுடையது முழுக்க ஓரம்தான். தையல்சிட்டு, தேன்சிட்டு, கொண்டைக்குருவி கூடு கட்டும். அதற்குப் புதர் போதும், லட்சக்கணக்கில் செலவு வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு: பொந்தில் வாழ்பவை. குக்குறுவானுக்குக் காட்டின் அளவு அவ்வளவு முக்கியமில்லை, பட்டுப்போன ஒரு கிளை வேண்டும். அந்தக் கிளையின் அடிப்பக்கத்தில், மழை இறங்காதபடி வட்டமாகத் துளைபோடும். கீழே மரத்தூள் சிதறிக் கிடந்தால் அண்ணாந்து பாருங்கள். குண்டுக்கரிச்சான், புள்ளி ஆந்தை, பச்சைக்கிளி எல்லாமே பொந்து தேடுகிறவைதான். வளாகத்தில் பழைய வாகையோ தூங்குமூஞ்சியோ நின்றால், நீங்கள் நடப்போகும் ஆயிரம் கன்றைவிட அது மேல். ஆனால் நம் ஊரில் காய்ந்த கிளை தெரிந்தால் போதும், ரம்பம் வந்துவிடும். ஆள் நடக்காத பக்கத்துக் கிளையையாவது விட்டுவைக்கச் சொல்லுங்கள். சருகையும் கூட்டவேண்டாம். எத்தனை கன்று நட்டோம் என்று பலகை வைப்பவர்கள் எத்தனை பிழைத்தது என்று எழுதுவதே இல்லை. அதிகாரிகளும் கேட்பதில்லை, அப்புறம் எப்படி உருப்படும்?

அப்புறம், 'கிளி, சில்லை வாங்கிவந்து விடுகிறேன்' என்று யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். காட்டுப் பறவையைப் பிடிப்பதும் விற்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், வாங்குகிறவரும் மாட்டுவார்.

நட்டே தீருவது என்று முடிவானால் பணத்தில் பாதியை நிறுத்திவையுங்கள். இரண்டு கோடை கழித்து உயிரோடு நிற்கும் கன்றுகளை எண்ணிக் கொடுங்கள்.