ரிவர் - போகா, 2018: கேள்வி பதில்

தென் அமெரிக்கக் கால்பந்துக் கிளப்புகளின் உச்சக் கோப்பையான கோப்பா லிபர்டடோரஸின் 2018 இறுதியில் மோதியவை அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட்டும் போகா ஜூனியர்ஸும். ஆளுக்கொரு மைதானமாக இரண்டு ஆட்டம் கொண்ட அந்த இறுதியைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

கேள்வி: போகா மைதானத்தில் 2-2. வெளியூர்க் கோல் விதிப்படி ரிவருக்குத்தானே சாதகம்?

பதில்: இல்லை. மொத்தக் கோல் சமமானால், எதிரணி மைதானத்தில் அதிகம் அடித்தவருக்கே வெற்றி என்பது அந்த விதி. அப்போது அது அரையிறுதியோடு சரி, இறுதிக்குக் கிடையாது. இருந்திருந்தால் கூடுதல் நேரமே வந்திருக்காது. இரண்டாவது ஆட்டம் 90 நிமிடத்தில் 1-1. மாட்ரிட்டில் நடந்தாலும் கணக்குப்படி அது ரிவரின் சொந்த மைதான ஆட்டம். ஆக, வெளியூர்க் கோல் ரிவருக்கு 2, போகாவுக்கு 1. கோப்பை அங்கேயே முடிவாகியிருக்கும்.

கேள்வி: இரண்டாவது ஆட்டத்துக்கு ரிவர் மைதானத்துக்கு வந்த போகா பேருந்தைத் தாக்கியது ரிவர் ரசிகர்கள். கோப்பையைப் போகாவுக்கே கொடுத்திருக்கலாமே?

பதில்: போகாவும் அதைத்தான் கேட்டது. 2015-இல் இதே தொடரில், போகா மைதானத்தில், இடைவேளையில், ரிவர் வீரர்கள்மீது மிளகு ஸ்பிரே அடித்ததற்காகப் போகாவையே வெளியேற்றினார்கள். அந்த முன்னுதாரணம் இருந்தும் கோரிக்கை எடுபடவில்லை. ரிவருக்கு 4 லட்சம் டாலர் அபராதம், ஆளில்லா மைதானத்தில் இரண்டு ஆட்டங்கள், அவ்வளவுதான். கண்ணாடிச் சில்லு பட்டுக் கண்ணில் காயமான போகா கேப்டன் பாப்லோ பெரேஸை நினைத்தால் இது போதாது என்றே சொல்வேன்.

கேள்வி: மாட்ரிட்டுக்கு ஏன் கொண்டுபோனார்கள்?

பதில்: பாதுகாப்பு என்றார்கள். ஆனால் கல்லெறிந்தவர்களுக்காக, ரிவரின் மைதானமான மானுமென்டலில் மணிக்கணக்கில் காத்திருந்த ரசிகர்களுக்கும் சேர்த்தே தண்டனை கிடைத்தது. உன் ஊரில் ஒன்று, என் ஊரில் ஒன்று என்பதுதான் இரண்டு ஆட்ட இறுதியின் உயிர். அதில் பாதியைக் கடல் தாண்டிக் கொண்டுபோனது எனக்கு இன்றும் ஆறவில்லை.

கேள்வி: போகா எங்கே கோட்டை விட்டது?

பதில்: கூடுதல் நேரம் தொடங்கியதுமே போகாவின் பாரியோஸுக்குச் சிவப்பு அட்டை. 109-ஆவது நிமிடம் ரிவரின் கின்டெரோ இடதுகாலால் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தின் அடியில் பட்டு உள்ளே போனது. பிறகு போகாவின் காகோ காயத்தால் வெளியேற, மாற்று ஆள் மிச்சமில்லாமல் ஒன்பது பேர். அப்படியும் கடைசி நிமிடத்தில் ஹாராவின் ஷாட் கம்பத்தில் பட்டது! அடுத்த கார்னருக்குக் கோல்கீப்பர் அன்ட்ராடாவும் மேலே வந்துவிட, ரிவரின் பிட்டி மார்டினெஸ் காலி கோலை நோக்கித் தனியாக ஓடினார். 3-1, மொத்தத்தில் 5-3.

கேள்வி: இன்னும் இரண்டு ஆட்டமாக நடக்கிறதா?

பதில்: லிபர்டடோரஸில் இல்லை, 2019 முதல் ஒரே ஆட்டம். இரண்டு மைதானத்திலும் பார்க்க ஆசையென்றால் ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக் பக்கம் போங்கள். 2023 முதல் அங்கே மறுபடியும் இரண்டு ஆட்டம்தான்.