கேளுங்கள், சொல்கிறோம்: டைட்டானியமும் அவசரத் தண்ணீரும்

சோல்-ஜெல் முறையில் (திரவத்தில் நுண்துகள்களை உருவாக்கி, கெட்டியாக்கி, காயவைத்துச் சுடுகிற முறை) டைட்டானியம் டைஆக்சைடு நானோ துகள் செய்வது பற்றிக் கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு மட்டும் இந்த முறை பதில். பெரும்பாலும் கல்லூரி ப்ராஜெக்ட் செய்கிறவர்கள் எழுதியவை, அதனால் ஆய்வகத்தில் நின்று பேசுகிற மாதிரியே பேசிவிடுகிறேன்.

கேள்வி: டைட்டானியம் ஐசோபுரோப்பாக்சைடு 10 மில்லி எடுத்து ஆல்கஹாலில் கலந்து 50 மில்லி தண்ணீர் ஊற்றினேன். ஊற்றிய நொடியிலேயே வெள்ளையாகக் கட்டி கட்டியாக இறங்கிவிட்டது. கட்டுரையில் 'தெளிவான சோல்' (நுண்துகள் மிதக்கிற திரவம்) என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன் வரவில்லை? (எம்.எஸ்சி. மாணவி, திருச்சி)

உங்களுக்கு மட்டும் இல்லை, முதல் முறை செய்கிற பலருக்கும் இப்படித்தான் ஆகும். ரவையில் கொதிநீரைக் கிளறாமல் ஒரேயடியாக ஊற்றினால் கட்டி தட்டுமே, கிட்டத்தட்ட அதுதான் நடந்திருக்கிறது. துகளுக்கு மூலப்பொருளான டைட்டானியம் ஐசோபுரோப்பாக்சைடில் ஒரு டைட்டானியம் அணுவைச் சுற்றி நாலு ஆல்காக்சைடு குழுக்கள் (ஆல்கஹாலிலிருந்து வந்தவை) இருக்கின்றன, ஆனால் அந்த அணுவுக்குத் தன்னைச் சுற்றி ஆறு ஆக்ஸிஜன் வேண்டும், அதனால் தண்ணீர் மூலக்கூறு பக்கத்தில் வந்தாலே பிடித்து இழுத்துக்கொள்கிறது. தண்ணீர் ஒட்டியதும் ஒரு ஆல்கஹால் கழன்று போகும், அந்த இடத்தில் ஹைட்ராக்சில் வரும், பக்கத்து அணுவின் ஹைட்ராக்சிலோடு சேர்ந்து டைட்டானியம்-ஆக்ஸிஜன்-டைட்டானியம் என்று பாலம் போடும். சிலிக்காவுக்குப் பயன்படுத்துகிற டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிகேட் அமிலமோ காரமோ சேர்க்காவிட்டால் மணிக்கணக்கில் சும்மா கிடக்கும். டைட்டானியம் அந்தப் பொறுமைக்காரன் இல்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். உங்கள் 10 மில்லியின் எடை சுமார் 9.6 கிராம், அதாவது 0.034 மோல். இதை முழுக்க ஆக்சைடாக மாற்ற மோலுக்கு 2 மோல் தண்ணீர் போதும், அளவில் பார்த்தால் வெறும் 1.2 மில்லி! நீங்கள் ஊற்றியது 50 மில்லி என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னொன்று, ஆல்கஹால் என்று எழுதியிருக்கிறீர்களே, அது எந்த ஆல்கஹால்? 95 சதவீத ரெக்டிஃபைட் ஸ்பிரிட் என்றால் அதில் 20 மில்லிக்குள்ளேயே கிட்டத்தட்ட 1 மில்லி தண்ணீர் ஒளிந்திருக்கிறது, நீங்கள் தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே வேலை பாதி முடிந்துவிடும். நீர் நீக்கிய ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலையே வாங்குங்கள்.

எனக்குத் தோன்றுவது, நீங்கள் இரண்டு வேறு செய்முறைகளைக் கலந்துவிட்டீர்கள். முதல் வழியில் தண்ணீர் கொஞ்சம்தான். ஐசோபுரோப்பாக்சைடை உலர்ந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, அதோடு சம மோல் அசிட்டைல் அசிட்டோன் (உங்கள் 10 மில்லிக்கு சுமார் 3.5 மில்லி) சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும், பீக்கர் கையில் சூடாகத் தெரியும், கரைசல் மஞ்சளாகும். மஞ்சள் வந்தால் பயப்படாதீர்கள், அசிட்டைல் அசிட்டோன் டைட்டானியத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது என்பதற்கு அதுதான் அடையாளம், இனி தண்ணீர் அந்த இடத்தில் சீக்கிரம் நுழைய முடியாது. அப்புறம் தண்ணீரையும் தனியாக விடாமல், இன்னும் கொஞ்சம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கலந்து நீர்த்துப்போகச் செய்து, வேகமாகச் சுற்றுகிற ஸ்டிரர் மேல் சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

இரண்டாவது வழி இதற்கு நேர் எதிர். நைட்ரிக் அமிலம் சேர்த்து பிஎச் 2-க்குக் கீழே கொண்டுவந்த நிறையத் தண்ணீரில் ஐசோபுரோப்பாக்சைடைச் சொட்டுவது. அங்கே வெள்ளையாக இறங்கத்தான் செய்யும், அது தப்பே இல்லை. 60-70 டிகிரியில் மணிக்கணக்கில், முடிந்தால் ராத்திரி முழுக்கக் கலக்கிக்கொண்டே இருந்தால், அமிலத்தின் புரோட்டான்கள் துகள் பரப்பில் ஏறி எல்லாவற்றுக்கும் நேர் மின்னூட்டம் கொடுத்து ஒன்றையொன்று தள்ளிவைக்கும், கட்டிகள் உடைந்து லேசான நீலம் படிந்த, பார்வை ஊடுருவுகிற சோல் கிடைக்கும். டைட்டானியம் டைஆக்சைடின் பரப்பு மின்னூட்டம் பூஜ்யமாகிற இடம் பிஎச் 6 பக்கம், அங்கே போனால் எல்லாம் மறுபடி ஒட்டிக்கொள்ளும், அதனால் 'கழுவிப் பார்க்கலாம்' என்று பாதியில் காரம் சேர்த்துவிடாதீர்கள். உங்கள் கட்டிகளையும் உடனே கொட்டிவிட வேண்டாம். ஆல்கஹாலை வடிகட்டி நீக்கி, தண்ணீரில் கழுவி, நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் போட்டு இதே மாதிரி சூடாக்கிப் பாருங்கள். பழசாகி இறுகாமல் இருந்தால் திரும்பி வரும்.

ஒரு எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து தவறாமல் படியுங்கள்: அடர் நைட்ரிக் அமிலத்தை ஆல்கஹாலில் நேரடியாக ஊற்றாதீர்கள், சீறி வெடிக்கக்கூடிய கலவை அது. அமிலத்தை முதலில் தண்ணீரில் நீர்த்துக்கொள்ளுங்கள், அதுவும் ஃப்யூம் ஹூடுக்குள் (புகையை வெளியே இழுக்கிற பெட்டி), கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு.

கேள்வி: டைட்டானியம் ஐசோபுரோப்பாக்சைடு பாட்டிலைத் திறந்து சிரிஞ்சில் எடுக்கும்போதே ஊசி முனையில் வெள்ளையாகப் படிகிறது. மருந்து கெட்டுப்போச்சா? (ஆய்வக உதவியாளர், நாகப்பட்டினம்)

கெடவில்லை, உங்கள் ஊர்க் காற்றின் ஈரத்தை அது பிடித்துக்கொள்கிறது. நீங்கள் பார்க்கிற அந்த வெள்ளைத் தோல்தான் டைட்டானியம் ஹைட்ராக்சைடும் ஆக்சைடும். சிரிஞ்சையும் பீக்கரையும் ஓவனில் காயவைத்து, ஆறியதும் உடனே பயன்படுத்துங்கள், மழை நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள், பாட்டிலை மூடும்முன் நைட்ரஜன் கொஞ்சம் ஓடவிட்டால் நல்லது. மூடியைச் சுற்றி வெள்ளையாக இறுகிவிட்டால் பலமாகத் திருகாமல் துடைத்துவிட்டுத் திறக்கவும். அப்புறம், ஃபிரிட்ஜில் வைத்து உறைந்துவிட்டது என்று இன்னொருவர் எழுதியிருந்தார், இது 20 டிகிரிக்குக் கீழே கொஞ்சம் போனாலே உறைகிற சமாச்சாரம், வெளியே எடுத்து வைத்தால் உருகிவிடும். ஆனால் குளிர்ந்த பாட்டிலை உடனே திறந்தால் ஈரம் உள்ளே போய்விடும், அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருங்கள்.

கேள்வி: சோல் என்றால் என்ன, ஜெல் என்றால் என்ன? பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஒரே வரியில் சொல்ல முடியுமா? (ஆசிரியை, தென்காசி)

திரவத்தில் நுண்துகள்கள் தனித்தனியாக மிதந்தால் சோல், அதே துகள்கள் கைகோர்த்துப் பாத்திரம் முழுக்க வலை பின்னி, திரவத்தை உள்ளேயே பிடித்து நிறுத்திவிட்டால் ஜெல். பீக்கரைச் சாய்த்துக் காட்டுங்கள், ஓடினால் சோல், ஓடாவிட்டால் ஜெல், பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. இந்த வேதியியல் புதுசும் இல்லை, பிரெஞ்சுக்காரர் எபெல்மன் 1846-இலேயே சிலிக்கான் ஆல்காக்சைடிலிருந்து ஜெல் செய்து காட்டியிருக்கிறார்.

கேள்வி: ஜெல்லைக் காயவைத்து 350 டிகிரியில் சுட்டேன், பவுடர் காப்பிப் பொடி நிறத்தில் வருகிறது. எந்த வெப்பத்தில் சுட்டால் வெள்ளையாகும்? 700-க்குப் போகலாமா? (ஆய்வு மாணவர், கோயம்புத்தூர்)

பழுப்பு என்றால் உள்ளே கரி மிச்சம் இருக்கிறது. அசிட்டைல் அசிட்டோன் போட்டிருந்தால் இது சகஜம். குரூசிபிளில் (சுடுகிற கிண்ணம்) குவித்து வைக்காமல் மெல்லிசாகப் பரப்பி, நிமிடத்துக்கு 2 முதல் 5 டிகிரி என்று மெதுவாக ஏற்றி, 450-500 டிகிரியில் காற்றோட்டமாக இரண்டு மணி நேரம் வையுங்கள், வெளுத்துவிடும். 10 மில்லியிலிருந்து எல்லாம் சரியாகப் போனால் 2.7 கிராமுக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும், அதற்கு மேல் எடை காட்டினால் இன்னும் கரியோ ஈரமோ இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

700 டிகிரிக்கு மட்டும் அவசரப்பட வேண்டாம். 400-500-இல் கிடைப்பது அனடேஸ் என்கிற படிக வடிவம், 600-700 பக்கம் அது ரூட்டைலாக மாறத் தொடங்கும், மாறினால் திரும்பி வராது. ரூட்டைல்தான் மொத்தத்தில் நிலையான வடிவம், ஆனால் துகள் சுமார் 14 நானோமீட்டருக்குக் கீழே சின்னதாக இருக்கும்வரை பரப்பு ஆற்றல் குறைவாக இருக்கிற அனடேஸ்தான் ஜெயிக்கிறது, எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம் இது, ஒரு பொருளின் அளவே அதன் வடிவத்தைத் தீர்மானிக்கிறது! சூடு ஏற ஏறத் துகள்கள் உருகாமலே ஒன்றோடொன்று ஒட்டிக் கலந்து பெரிதாகின்றன, பரப்பளவு விழுகிறது, அப்புறம் 'நானோ' என்று எழுதுவதற்கே அர்த்தம் இருக்காது.

ஈரமான ஜெல்லை நேரே ஃபர்னஸில் வைக்கவே கூடாது. அதற்குள் இருப்பது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், 12 டிகிரி வெப்பநிலையிலேயே அதன் ஆவி தீப்பிடிக்கும் அளவுக்கு எழும். ஹூடுக்குள் ஓரிரு நாள் திறந்து வைத்து, வாசனை போனபிறகுதான் ஓவன், அதற்குப் பிறகுதான் ஃபர்னஸ். காயும்போது ஜெல் சுருங்கி வெடித்துச் சில்லு சில்லாகிவிடும், பவுடர்தானே வேண்டும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கேள்வி: எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ்-கதிர் விளிம்பு விலகல்) 10 நானோமீட்டர் என்று வருகிறது, எஸ்இஎம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படத்தில் 200 தெரிகிறது. எதை நம்புவது? (எம்.ஃபில். மாணவி, மதுரை)

இரண்டையும். இரண்டும் வேறு வேறு விஷயத்தை அளக்கின்றன. நீங்கள் அனுப்பியதைப் போட்டுப் பார்த்தேன்: 25.3 டிகிரி முகடு, பாதி உயரத்தில் அகலம் 0.8 டிகிரி, தாமிர எக்ஸ்-கதிரின் அலைநீளம் 0.154 நானோமீட்டர். முகட்டின் அகலத்திலிருந்து படிக அளவைத் தருகிற ஷெர்ரர் சமன்பாட்டில் 0.8 டிகிரியை ரேடியனாக மாற்றினால் 0.014, 0.9-ஐ அலைநீளத்தால் பெருக்கி, 0.014-ஐயும் 12.65 டிகிரியின் கோசைனையும் பெருக்கி வருவதால் வகுத்தால் 10.2 நானோமீட்டர், சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள். ஆனால் கருவியே தன் பங்குக்கு முகட்டைக் கொஞ்சம் அகலமாக்கும், அதைக் கழித்தால் படிக அளவு 10-ஐவிடக் கூடும், கழிக்காமல் தசம புள்ளி வரை எழுதாதீர்கள். இது ஒரு படிகத்தின் அளவு. எஸ்இஎம் காட்டுவது அப்படிப் பல படிகங்கள் ஒட்டிக்கொண்ட திரட்டு. டிஇஎம் (மாதிரியை ஊடுருவிப் பார்க்கிற எலக்ட்ரான் நுண்ணோக்கி) கிடைத்தால் இரண்டையும் ஒரே படத்தில் பார்க்கலாம். ஆய்வேட்டில் '10 நானோமீட்டர் துகள்' என்று எழுதாமல் '10 நானோமீட்டர் படிகங்களால் ஆன, 200 நானோமீட்டர் அளவுள்ள திரட்டுகள்' என்று எழுதுங்கள், வைவாவில் யார் கேட்டாலும் நிமிர்ந்து பதில் சொல்லலாம்.

கேள்வி: எங்கள் ஊர் மணவாளக்குறிச்சிக் கருமணலிலேயே டைட்டானியம் இருக்கிறதே, அதிலிருந்து நேராகச் செய்ய முடியாதா? (வாசகர், குளச்சல்)

நல்ல கேள்வி. நீங்கள் சொல்கிற கருமணலில் இல்மனைட் இருக்கிறது, அது இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த ஆக்சைடு. கந்தக அமிலத்தில் கரைத்து, இரும்பு சல்பேட்டைப் படிகமாக்கி ஒதுக்கி, மிச்சக் கரைசலைக் கொதிக்கவைத்தால் நீரேறிய டைட்டானியம் ஆக்சைடு இறங்கும். பார்த்தீர்களா, இங்கேயும் தண்ணீர்தான் வேலை செய்கிறது. திருவனந்தபுரத்தில் டிராவன்கூர் டைட்டானியம் தொழிற்சாலை இந்த சல்பேட் வழி, கொல்லம் பக்கம் சவராவில் கேரளா மினரல்ஸ் அண்ட் மெட்டல்ஸ் குளோரைடு வழி. குளோரின் ஏற்றி டைட்டானியம் டெட்ராகுளோரைடு ஆக்கி, அதை ஆல்கஹாலோடு அம்மோனியா முன்னிலையில் வினைப்படுத்தினால்தான் முதல் கேள்வியில் வந்த ஐசோபுரோப்பாக்சைடே கிடைக்கும். ஆனால் வீட்டிலோ பள்ளியிலோ முயல வேண்டாம், டெட்ராகுளோரைடு காற்றுப் பட்டாலே ஹைட்ரஜன் குளோரைடு புகையைக் கக்கும். அந்த மணலில் தோரியம் உள்ள மோனசைட்டும் கலந்திருக்கிறது, அனுமதியில்லாமல் அள்ளவும் கூடாது. இன்னொரு வித்தியாசம், பெயிண்டுக்குப் போகிற துகள் 200-300 நானோமீட்டர், அந்த அளவில்தான் அது வெளிச்சத்தைச் சிதறடித்து வெள்ளையாகத் தெரியும். 10 நானோமீட்டர் துகளை வைத்துச் சுவருக்கு வெள்ளையடிக்க முடியாது.

கேள்வி: கடைசியில், துகள் வெளிச்சத்தில் சாயத்தைச் சிதைக்கிறதா என்று பார்க்க, அதை மெத்திலின் ப்ளூ சாயத்தில் போட்டு வெயிலில் வைத்துச் சோதித்தேன், நீலம் போய்விட்டது. இது போதுமா? (பி.எஸ்சி. மாணவர், சேலம்)

போதாது. நீலம் மூன்று வழியில் போகலாம்: துகள் உண்மையிலேயே சிதைத்திருக்கலாம், துகள் பரப்பில் சாயம் சும்மா ஒட்டியிருக்கலாம், வெயிலே சாயத்தை வெளுக்கச் செய்திருக்கலாம். முதலில் இருட்டில் அரை மணி நேரம் கலக்கி ஒட்டுவதை நிறைவடைய விட்டு, அப்போது 664 நானோமீட்டரில் சாயம் ஒளியை உறிஞ்சுகிற அளவைத்தான் ஆரம்ப அளவாக எடுக்க வேண்டும். துகள் போடாத இன்னொரு பாட்டிலையும் அதே வெயிலில் வையுங்கள். அனடேஸின் ஆற்றல் இடைவெளி (அதன் எலக்ட்ரானை மேலே தூக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) 3.2 எலக்ட்ரான் வோல்ட், அதாவது 388 நானோமீட்டருக்குக் குறைவான புற ஊதாக் கதிர்தான் அதை எழுப்பும், வெயிலில் அது சில சதவீதம் மட்டுமே. மெத்திலின் ப்ளூவோ தானே கண்ணுக்குத் தெரிகிற ஒளியை உறிஞ்சி எலக்ட்ரானைத் துகளுக்குக் கொடுத்துத் தானே சிதையும், அதனால் 'சாதாரண வெளிச்சத்திலேயே வேலை செய்கிறது' என்று எழுத ஆசைப்படுகிறவர்கள் நிறமில்லாத ஃபீனால் போன்ற ஒன்றில் சோதித்துவிட்டு எழுதட்டும். ஃபீனால் தோலைச் சுடும் விஷம், அதையும் கையுறை போட்டு, வழிகாட்டி பக்கத்தில் இருக்கும்போதுதான் எடுக்க வேண்டும். உலர்ந்த நானோ பவுடரை நிறுக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு என்-95 முகக்கவசம் போடுங்கள், மூச்சில் போகிற டைட்டானியம் டைஆக்சைடைப் புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு அமைப்பு 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்கிற 2பி பிரிவில் வைத்திருக்கிறது.