பதினாறுக்குப் பதினாறு தோல்வி: பிரவுன்ஸ் அணி பற்றிய கேள்விகளும் பதில்களும்

அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல். லீக்கில் 2017-ஆம் ஆண்டுப் பருவத்தின் பதினாறு ஆட்டங்களிலும் தோற்றது ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து பிரவுன்ஸ். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். அந்த அணியின் ரசிகன் நான். நடுநிலையை எதிர்பார்த்து வராதீர்கள்.

கே: வேறு எந்த அணியாவது இப்படித் தோற்றிருக்கிறதா?

பதினாறு ஆட்டப் பருவத்தில் இன்னொன்றே ஒன்று, 2008-இல் டெட்ராய்ட் லயன்ஸ். 1976-இல் டாம்பா பே பக்கனீயர்ஸ் பதினான்கையும் தோற்றது. ஆனால் அது அந்த ஆண்டுதான் பிறந்த அணி, மன்னித்துவிடலாம். பிரவுன்ஸ் முந்தைய பருவத்திலும் பதினைந்தில் தோற்றிருந்தது. இரண்டு ஆண்டுகளில் கிடைத்த ஒரே வெற்றி, 2016 டிசம்பர் 24 அன்று சான் டியேகோ சார்ஜர்ஸுக்கு எதிராக 20-17.

கே: வேண்டுமென்றே தோற்றார்கள் என்கிறார்களே?

களத்தில் எலும்பு முறிய ஆடுகிறவன் வேண்டுமென்றே தோற்கமாட்டான். 2022-இல் அப்படி ஒரு குற்றச்சாட்டு எழுந்தது. லீக் நடத்திய விசாரணையில் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. என் கோபம் நிர்வாகத்தின் கணக்கின் மீது. இந்த லீக்கில் மோசமாக ஆடிய அணிக்கே மறு ஆண்டு டிராஃப்டில், அதாவது கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில், முதல் உரிமை. அந்த உரிமையை மற்ற அணிகளுக்கு விற்று, பதிலுக்குப் பல பின்வரிசை உரிமைகளை வாங்கலாம். அணி நிர்வாகத்தை நடத்திய சாஷி பிரவுனும், பேஸ்பாலிலிருந்து வந்த பால் டிபொடெஸ்டாவும் அதைத்தான் செய்தார்கள். 2016-இல் தேர்வு வரிசையின் இரண்டாம் இடத்தை பிலடெல்பியாவுக்கு விற்றார்கள். அங்கே கார்சன் வென்ட்ஸ் போனார். 2017-இல் பன்னிரண்டாம் இடத்தை ஹூஸ்டனுக்கு விற்றார்கள்; அங்கே டிஷான் வாட்சன் போனார். இருவருமே குவார்ட்டர்பேக்குகள், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்கள். அணியை நடத்திச் செல்பவரே இல்லாத அணி, அப்படிப்பட்ட இருவரையும் தாண்டிப் போனது. விதைநெல்லைச் சேர்த்துக்கொண்டே இருந்தார்கள். உழவன் யாரென்று யோசிக்கவில்லை.

கே: அப்படியானால் பந்தை எறிந்தது யார்?

பெரும்பாலும் டிஷோன் கைசர், 21 வயதுப் புதுமுகம். 11 டச்டவுன், 22 இன்டர்செப்ஷன். அதாவது எதிரணியின் எல்லைக்குள் சேர்ந்து புள்ளி தந்த எறிதல்கள் பதினொன்று, எதிரணியின் கையில் போய் விழுந்த எறிதல்கள் இருபத்திரண்டு. இந்த இருபத்திரண்டு லீக்கிலேயே அதிகம். டிசம்பர் 10 அன்று கிரீன் பே அணிக்கு எதிராகக் கடைசிக் கால்பகுதியில் 21-7 என்று முன்னிலை. கூடுதல் நேரத்தில் 27-21 என்று தோல்வி. அவரை மட்டும் திட்டுவது அநியாயம். நீந்தத் தெரியாதவனை ஆற்றில் தள்ளியவர்கள் கரையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

கே: இவ்வளவு தோற்றும் கீழ்ப் பிரிவுக்கு இறக்கமாட்டார்களா?

மாட்டார்கள். இங்கே கீழ்ப் பிரிவே கிடையாது. 32 அணிகள், தொலைக்காட்சிப் பணம் எல்லோருக்கும் சமமாகப் போகும். தோற்பவனுக்குப் பட்டினி இல்லை.

கே: அந்த அணியில் நல்லவர் ஒருவர்கூட இல்லையா?

ஜோ தாமஸ். 2007-இல் வந்தவர், குவார்ட்டர்பேக்கைக் காக்கும் இடது டேக்கிள். அணி பந்தை ஆடத் தொடங்கிய 10,363 முறையும் தொடர்ந்து, ஒன்றுகூட விடாமல், களத்தில் நின்றார். 2017 அக்டோபரில் டென்னசியோடு ஆடும்போது கைத்தசை கிழிந்தது. அதன் பிறகு ஆடவே இல்லை. 2023-இல் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். பிளேஆஃப், அதாவது பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்று, அதில் ஓர் ஆட்டம்கூட ஆடாமலே. பருவம் முழுவதையும் விட அவர் காயமடைந்த அந்த ஒரு நாள்தான் எனக்கு அதிகம் வலித்தது.

கே: பயிற்சியாளரை நீக்கவில்லையா?

டிசம்பரில் சாஷி பிரவுன்தான் போனார். பயிற்சியாளர் ஹியூ ஜாக்சன் தங்கினார். முந்தைய பருவம் ஒரே வெற்றியோடு முடிந்தபோது, மறுபடி இப்படித் தோற்றால் ஏரியில் நீந்துவேன் என்று சொல்லியிருந்தார். 2018 ஜூனில் ஈரி ஏரியில் இறங்கிச் சொன்னதைச் செய்தார். அந்த அக்டோபரில் வேலை போனது. மூன்று வெற்றி, 36 தோல்வி, ஒரு சமன்.

கே: ரசிகர்கள் ஊர்வலம் போனது உண்மையா?

உண்மை. 2018 ஜனவரி 6, உறையும் குளிரில் ஆயிரக்கணக்கானோர் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். சுற்றினால் பூஜ்யம் வரும் அல்லவா, அதற்காகவே. உணவு வங்கிக்கும் நன்கொடை திரட்டினார்கள். அடுத்த வெற்றி அந்த ஆண்டு செப்டம்பர் 20 அன்று ஜெட்ஸ் அணிக்கு எதிராக வந்தது, முந்தைய வெற்றிக்கு 635 நாட்கள் கழித்து.

கே: அந்தப் பருவத்தில் இன்றும் கண்ணில் நிற்கும் காட்சி?

டிசம்பர் 31, பிட்ஸ்பர்க். கடைசி ஆட்டம். எதிரணி தன் முக்கிய வீரர்கள் பலருக்கு ஓய்வு கொடுத்திருந்தது. 28-24 என்று பின்தங்கியிருக்கிறோம், இரண்டு நிமிடம்கூட மீதமில்லை, நான்காவது, அதாவது கடைசி முயற்சி. கைசரின் எறிதல் சரியாகவே வந்தது. கோரி கோல்மனின் இரு கைகளிலும் பட்டுத் தரையில் விழுந்தது. அந்தக் கோல்மன், 2016-இல் இரண்டாம் இடத்தை விற்று, கிடைத்ததை மறுபடியும் விற்று, பதினைந்தாம் இடத்தில் வாங்கிய வீரர்.