லவீஞ் ஆண்டகை

அன்புள்ள அண்ணா,

மட்டக்களப்பு மிக்கேல் கல்லூரியைத் தொடங்கியவர் எங்கட முதல் மேற்றிராணியார் (ஆயர்) சார்ள்ஸ் லவீஞ் ஆண்டகை என்று அப்பப்பா சொல்வார். வெபர் சுவாமியின் பெயரில் மைதானம் இருக்கிறது. லவீஞ்சைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர் இங்கே பெரிதாக ஒன்றும் செய்யவில்லையா?

தாண்டவன்வெளியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முதலில் அப்பப்பாவின் கணக்கு. மிக்கேல் தொடங்கியது 1873இல். மட்டக்களப்பும் அடங்கிய திருகோணமலை மறைமாவட்டம் உருவானது 1893இல். அது பிரெஞ்சு இயேசு சபையாரிடம் போனது. லவீஞ் நியமனமானது 1898இல். ஆகவே தொடங்கியவர் அவராக இருக்க முடியாது. மிக்கேலைப் பெரிய கல்லூரியாக்கிய புகழ் பொனெல் சுவாமிக்குத்தான் சேரும்.

லவீஞ்சின் பெயர் நின்றது கேரளத்தில். 1887இல் சிரிய வழிபாட்டு முறைக் கத்தோலிக்கருக்காகக் கோட்டயம் அனுப்பப்பட்டவர் அவர். சங்கனாச்சேரியில் 1891இல் பெர்க்மன்ஸ் பள்ளியைத் தொடங்கினார். புனித அல்போன்சம்மா இருந்த கிளாரிஸ்ட் கன்னியர் சபை அதே ஊரில் உருவானதும் அவர் காலத்தில்தான். ஆனால் அங்குள்ள சனம் தங்களுக்குள்ளிருந்தே ஒரு மேற்றிராணியார் வேண்டும் என்று விடாமல் கேட்டது. 1896இல் உரோமாபுரி மூன்று மலையாளிகளை நியமித்தது, லவீஞ் விலகினார். இரண்டு வருடம் கழித்து, 58 வயதில், இலங்கையின் கிழக்குக்கு வந்தார்.

அந்தக் கிழக்கைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மட்டக்களப்புக்கு ரயில் வந்தது 1928இல், கல்லடிப் பாலம் 1924இல். இரண்டையும் அவர் காணவில்லை. மேற்றிராணியாரின் இருப்பிடமோ திருகோணமலை. அங்கிருந்து கரையோரமாக வருவதென்றால் கிண்ணியா, இறால்குழி, வெருகல் என்று துறை துறையாகத் தோணிக்குக் காத்திருக்க வேண்டும். கிண்ணியாவில் பாலம் போட்டதே 2009இல்! கடலால் வந்தால் முகத்துவாரத்து மணல்மேட்டைத் தாண்டிக் கப்பல் உள்ளே வராது. வெளியே நிற்கும் கப்பலிலிருந்து வள்ளத்தில் இறங்க வேண்டும். மாரியில் அந்தக் கடலில் வள்ளத்தில் இறங்குவதை நான் யோசிக்கவே மாட்டேன். ஆகவே "என்ன கட்டினார்" என்று அளந்தால் இங்கே அவர் கணக்கு சிறிதாகத்தான் தெரியும். அந்த அளவுகோல் எனக்குச் சரியாகப் படவில்லை.

1913இல் அவர் காலமானார். 1917 வரை அந்தக் கதிரை வெறுமையாகவே கிடந்தது. அப்புறம் ரொபிஷே என்ற பிரெஞ்சுக்காரர், அவருக்குப் பின் கிளெனி என்ற அமெரிக்கச் சுவாமி. நம்மவர் ஒருவர், லியோ இராஜேந்திரம் அந்தோனி, மேற்றிராணியாரானது 1974இல். லவீஞ்சை இடம்விடச் செய்து கேரளம் 1896இல் பெற்றதை நாங்கள் பெற 78 வருடம் எடுத்திருக்கிறது. அவர்களிடம் தலைமுறை தலைமுறையாக உள்ளூர்க் குருக்கள் இருந்தார்கள். இங்கே குருக்களே கப்பலில் வர வேண்டியிருந்தது. அது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

இன்னொன்று. அந்தக் காலத்தில் உறுதிபூசுதல் என்ற அருட்சாதனத்தைக் கொடுக்க வழக்கமாக மேற்றிராணியாரே வருவார். உங்கள் பங்கின் பழைய பதிவேடு சூறாவளிக்கும் யுத்தத்துக்கும் தப்பியிருந்தால், 1898 முதல் 1913 வரையான பக்கங்களைப் பங்குத்தந்தையிடம் கேட்டுப் பாருங்கள். லவீஞ் வந்த திகதிகள் அதில் இருக்கலாம். கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள்.